வீட்டிலும் வகுப்பிலும் ஸ்பானிஷ்: சிக்காகோ மூழ்கல் பள்ளி ஒன்றில் குழந்தைகளின் இலக்கணம்

சிக்காகோவின் வடபகுதியில் உள்ள இன்டர்-அமெரிக்கன் மேக்னட் பள்ளி 1975-இல் தொடங்கியது. ஸ்பானிஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளும் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்து இரு மொழியிலும் பாடம் படிக்கும் இருவழி மூழ்கல் முறை இங்கே நடக்கிறது. தொடக்க வகுப்புகளில் பாட நேரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு ஸ்பானிஷ். மேலே போகப் போக அது குறைந்து, எட்டாம் வகுப்பில் சரிபாதி ஆகிறது. அரசுப் பள்ளிகளில் நடந்த இத்தகைய முயற்சிகளில் முன்னோடி மயாமியின் கோரல் வே பள்ளி. கியூபப் புரட்சிக்குப் பின் வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளை மனத்தில் வைத்து 1963-இல் அது தொடங்கப்பட்டது. ஆனால் குழந்தைகள் உண்மையில் என்ன பேசினார்கள் என்பதை வாக்கியம் வாக்கியமாகப் பதிவு செய்து ஆராய்ந்த வகையில் சிக்காகோ பள்ளி நமக்கு அதிகம் சொல்கிறது.

இங்கே பேசப்போவது ஸ்பானிஷை மரபுமொழியாகக் கொண்ட குழந்தைகளைப் பற்றி. மெக்சிக்கோ அல்லது புவெர்த்தோ ரீக்கோ பின்னணிக் குடும்பம், வீட்டில் ஸ்பானிஷ், வெளியே ஆங்கிலம். இவர்களில் இரு வகை உண்டு. பிறந்ததிலிருந்தே இரு மொழியையும் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு வகை. நான்கைந்து வயதுவரை ஸ்பானிஷ் மட்டும் கேட்டு, பள்ளிக்கு வந்தபின் ஆங்கிலம் கற்றவர்கள் மற்றொரு வகை. இரு வகையையும் ஒரே பட்டியலில் போட்டால் முடிவு குழம்பிவிடும். முதல் வகையில் சில இலக்கணக் கூறுகள் வேர்பிடிக்கும் முன்பே ஆங்கிலம் வந்துவிடுகிறது. இரண்டாம் வகையில் வேர்பிடித்தது பிறகு தளர்கிறது.

பள்ளி இல்லாவிட்டால் என்ன ஆகும்

மூழ்கல் பள்ளியின் பயனை எடைபோட, அது இல்லாத இடத்தில் நடப்பதை முதலில் பார்க்க வேண்டும். பார்பரா மெரீனோ கலிஃபோர்னியாவில் இருமொழிச் சிக்கானோ (மெக்சிக்கோ வம்சாவளி அமெரிக்க) குழந்தைகளை ஆராய்ந்து 1983-இல் எழுதியதில் ஒரு தெளிவான சரிவு தெரிகிறது. கிண்டர்கார்டனில் நன்றாக இருந்த ஸ்பானிஷ் பேச்சு, நான்காம் வகுப்புக்குள் பலருக்கும் குறைந்திருந்தது. வயது ஏறும்போது ஏற வேண்டிய கோடு இறங்கியது. ராக்கேல் ஆண்டர்சன் 1999-இல், புவெர்த்தோ ரீக்கோவிலிருந்து அமெரிக்க நிலப்பகுதிக்கு வந்த இரண்டு சகோதரிகளின் பேச்சை இரண்டு ஆண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் தொடர்ந்து பதிவு செய்து வெளியிட்டார். பெயர்ச்சொல்லின் ஆண்பால், பெண்பாலுக்கு ஏற்ப மற்றச் சொற்கள் மாறும் பால் இயைபை மூத்தவள் பெரும்பாலும் காத்துக்கொண்டாள். இளையவளின் பிழைகள் பல மடங்காயின. ஒரே வீடு, ஒரே பெற்றோர். ஆங்கிலம் நுழைந்த வயதில் இருந்த ஓரிரு ஆண்டு இடைவெளிதான் பெரிய வித்தியாசம்.

ஐந்து முதல் பத்து வயதுவரை உள்ள காலம்தான் ஆபத்தானது என்று இவை காட்டுகின்றன. மூழ்கல் பள்ளி அமர்வதும் சரியாக அந்த இடைவெளியில்தான்.

சிக்காகோவில் அளந்தது: பால் இயைபு

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சில்வீனா மோந்த்ருல்லும் கிம் பொத்தோவ்ஸ்கியும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, சிக்காகோ மூழ்கல் பள்ளியில் படித்த தொடக்கநிலைக் குழந்தைகளின் பால் இயைபை அளந்தது. மரபுமொழிக் குழந்தைகள், ஆங்கில வீட்டிலிருந்து வந்து ஸ்பானிஷ் கற்றவர்கள், ஸ்பானிஷ் மட்டும் பேசும் குழந்தைகள் என்று குழுக்கள் ஒப்பிடப்பட்டன. வாய்மொழியாகப் பேசவைத்து, பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வரும் சொற்கள் சரியான பாலில் இருக்கின்றனவா என்று எண்ணினார்கள்.

ஸ்பானிஷில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால் அல்லது பெண்பால் உண்டு. வீடு பெண்பால், புத்தகம் ஆண்பால். பொருளில் இதற்குக் காரணம் தேட முடியாது. முன்னே வரும் ஆர்ட்டிகிளும் (‘லா’, ‘எல்’ போன்ற சிறு சொல்) பின்னே வரும் பெயரடையும் அந்தப் பாலுக்கு ஏற்ப மாற வேண்டும். ‘லா காஸா ரோஹா’ என்றால் சிவப்பு வீடு. ‘லா காஸா ரோஹோ’ என்பது இந்தக் குழந்தைகளின் வாயில் மிகுதியாக வரும் பிழை. அதில் ஆர்ட்டிகிள் சரி, பெயரடை தவறு. இது தற்செயல் அல்ல. ஆர்ட்டிகிளும் பெயர்ச்சொல்லும் குழந்தையின் காதில் ஒரே துண்டாக விழுந்து ஒரே துண்டாகச் சேமிக்கப்படுகின்றன. பெயரடையை ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுத்தான் இணைக்க வேண்டும். கணக்கு தவறும்போது குழந்தை ஆண்பாலில் போய் நிற்கிறது. எதிர்த்திசைப் பிழை அரிது.

சொல்லின் ஈறும் முக்கியம். ஆ-வில் முடியும் பெண்பால் சொல்லும் ஓ-வில் முடியும் ஆண்பால் சொல்லும் எளியவை. ‘யாவே’ (சாவி), ‘நரீஸ்’ (மூக்கு), ‘ஃப்ளோர்’ (பூ) போல ஈறு எதையும் காட்டாத பெண்பால் சொற்கள் கடினம். ‘மானோ’ (கை) ஓ-வில் முடிந்தும் பெண்பால். ‘மாப்பா’ (வரைபடம்) ஆ-வில் முடிந்தும் ஆண்பால். பிழைகள் இந்த மூலைகளில் குவிகின்றன.

சிக்காகோ முடிவில் இரண்டு செய்திகள் உண்டு. மரபுமொழிக் குழந்தைகள் ஆங்கில வீட்டுக் குழந்தைகளைவிடத் தெளிவாக முன்னே இருந்தார்கள். ஆனாலும் ஒருமொழிக் குழந்தைகளின் துல்லியத்தை எட்டவில்லை. அதைவிடப் பெரிய செய்தி, மேல் வகுப்புக் குழந்தைகளிடம் மெரீனோ கண்டது போன்ற சரிவு தெரியவில்லை என்பது. பள்ளி கோட்டை மேலே தூக்கிவிடவில்லை, விழாமல் பிடித்திருக்கிறது. எங்கள் மதிப்பீட்டில் மூழ்கல் கல்வியிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான். பெற்றோர்கள் பெரும்பாலும் வேறொன்றை எதிர்பார்க்கிறார்கள்: ஊரில் உள்ள மாமன் மகனைப் போலவே பிள்ளை பேச வேண்டும் என்று. அந்த அளவுகோலை வைத்தால் நன்றாக நடக்கும் பள்ளியும் தோற்றதாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை இங்கே வேண்டும். வெவ்வேறு வகுப்புக் குழந்தைகளை ஒரே காலத்தில் அளப்பது, ஒரே குழந்தையை ஐந்து ஆண்டு பின்தொடர்வதற்கு ஈடாகாது. மேலும், மூழ்கல் பள்ளியைத் தேடிப்பிடித்துச் சேர்க்கும் குடும்பம் வீட்டிலும் ஸ்பானிஷைக் கவனமாகக் காக்கும் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே வீட்டுப் பின்னணியோடு ஆங்கிலப் பள்ளிக்குப் போன குழந்தைகளையும் பக்கத்தில் வைத்தால்தான் பள்ளியின் பங்கை வீட்டின் பங்கிலிருந்து பிரிக்க முடியும்.

‘ஆ’ என்னும் சிறு உருபு

தமிழ் வாசகருக்கு இது உடனே புரியும். ‘புத்தகம் படித்தேன்’ என்று உருபு இல்லாமல் சொல்லலாம். ‘குழந்தை பார்த்தேன்’ என்று சொல்ல முடியாது. ‘குழந்தையைப் பார்த்தேன்’ என்றே வர வேண்டும். செயப்படுபொருள் உயர்திணையாக, குறிப்பான ஒருவராக இருந்தால் ஐ உருபு கட்டாயம். ஸ்பானிஷும் ஏறக்குறைய இதையே செய்கிறது. ‘வேயோ லா காஸா’ என்றால் வீட்டைப் பார்க்கிறேன். சிறுமியைப் பார்ப்பதென்றால் ‘வேயோ ஆ லா நின்யா’. நடுவில் ‘ஆ’ வர வேண்டும். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடே இல்லை.

ஒருமொழிச் சூழலில் ஸ்பானிஷ் குழந்தைகள் மூன்று வயதுக்குள் இதை ஏறக்குறையப் பிழையின்றிப் பேசுகிறார்கள். அமெரிக்காவின் மரபுமொழிக் குழந்தைகளோ பள்ளி வயதில் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். மோந்த்ருல்லும் நோயெலியா சாஞ்செஸ்-வாக்கரும் 2013-இல் காட்டியபடி, குழந்தைகள் மட்டுமல்ல, பெரியவர்களான மரபுமொழியாளர்களும் விடுகிறார்கள். அமெரிக்காவில் நெடுங்காலம் வாழ்ந்த குடியேறிகளின் பேச்சிலும் அது விடுபடுகிறது. குழந்தை வீட்டில் கேட்கும் ஸ்பானிஷிலேயே ‘ஆ’ சில இடங்களில் இல்லை என்றால், குழந்தையின் பேச்சை ‘இழப்பு’ என்று எழுதுவது தவறு. கேட்டதைத்தான் அது கற்றிருக்கிறது. ஒப்பிட வேண்டியது பெற்றோரின் பேச்சோடு. மெக்சிக்கோ சிட்டியின் பாடநூலோடு ஒப்பிடுவது பொருந்தாது.

இந்த உருபை மூழ்கல் வகுப்பு தானாகச் சரிசெய்வதில்லை. காரணம் ஒலியிலேயே இருக்கிறது. ‘மீரா ஆ லா நின்யா’ என்று வேகமாகச் சொல்லும்போது வினையின் கடைசி ஆ-வும் உருபின் ஆ-வும் ஒன்றாகிவிடும். உருபு இருந்ததா இல்லையா என்று பெரியவர்களுக்கே கேட்காது. உருபு விடுபட்டாலும் பொருள் கெடுவதில்லை. ஆகவே கேட்பவர் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை. காதில் விழாதது, பொருளுக்குத் தேவைப்படாதது, ஆங்கிலத்தில் இல்லாதது என்ற மூன்றும் சேர்ந்த கூறு, எத்தனை மணி நேரம் ஸ்பானிஷ் பாடம் நடந்தாலும் நழுவும்.

சப்ஜங்க்டிவ்: கேட்கிறது, சொல்வதில்லை

‘வர வேண்டும் என்று விரும்புகிறேன்’, ‘அப்பா வந்ததும்’, ‘கேட்கும்படி’ போன்ற இடங்களில், நடந்தது என்று உறுதியாகச் சொல்லாத வினையை ஸ்பானிஷ் தனி வடிவில் வைக்கிறது. அதுதான் சப்ஜங்க்டிவ். அம்மா குழந்தை சாப்பிட வேண்டும் என்கிறாள் என்பதில் ‘கோமே’ என்று சொல்லாமல் ‘கோமா’ என்று சொல்ல வேண்டும். ஒருமொழிக் குழந்தைகளுக்கே இது ஒரேயடியாக வருவதில்லை. மெக்சிக்கோவில் 4 முதல் 12 வயதுக் குழந்தைகளை ராபர்ட் பிளேக் ஆராய்ந்தபோது (1983), விருப்பத்தையும் ஏவலையும் குறிக்கும் இடங்கள் முன்னே வந்தன. ஐயத்தையும் மதிப்பீட்டையும் குறிக்கும் இடங்கள் பள்ளி வயதிலும் உறுதிப்படவில்லை. அதாவது இந்தக் கூறு முதிரும் ஆண்டுகளில்தான் அமெரிக்கக் குழந்தைக்கு ஆங்கிலம் தலைதூக்குகிறது.

மரபுமொழிக் குழந்தைக்கு வடிவமே தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ‘ஓடாதே’, ‘தொடாதே’ என்ற எதிர்மறை ஏவல்கள் ஸ்பானிஷில் சப்ஜங்க்டிவ் வடிவங்களே. எந்த வீட்டிலும் நாள் முழுவதும் கேட்பவை அவை. வடிவம் உண்டு, சார்பு வாக்கியத்துக்குள் அதைக் கொண்டுவரும் பழக்கம் இல்லை. வினைக்கு வினையும் வேறுபடும். ‘வாயா’ (போக), ‘தெங்கா’ (வைத்திருக்க), ‘செயா’ (ஆக இருக்க) போன்ற அடிக்கடி புழங்கும் வினைகளில் சரியாகச் சொல்லும் குழந்தை, அரிதான வினையில் நழுவும்.

வகுப்பில் இது காதில் விழுவதில்லை என்று சொல்ல முடியாது. ‘முடித்ததும் கையைத் தூக்குங்கள்’, ‘புத்தகத்தை எடுக்க வேண்டும்’ என்பன போல ஆசிரியர் சொல்லும் பல ஏற்பாட்டு வாக்கியங்களில் சப்ஜங்க்டிவ் வருகிறது. ஆனால் அது ஒரே திசையில் ஓடுகிறது. ஆசிரியர் ஏவுகிறார், குழந்தை செய்கிறது. குழந்தை யாரையும் ஏவுவதில்லை. வகுப்பை நடத்தும் பொறுப்பைச் சுழற்சியில் குழந்தைகளுக்குக் கொடுத்து, நாளுக்குப் பத்து நிமிடம் அவர்களே மற்றவர்களுக்கு வேலை சொல்லவைப்பது, பத்துப் பக்கப் பயிற்சித்தாளைவிட இந்த வடிவத்தை அதிகம் பேசவைக்கும்.

நேர அட்டவணையும் குழந்தையின் வாயும்

பொத்தோவ்ஸ்கி அதே இன்டர்-அமெரிக்கன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஒன்றின் பேச்சைப் பதிவு செய்து, ஸ்பானிஷ் பாட நேரத்தில் மாணவர்கள் பேசிய முறைகளை எண்ணி 2004-இல் வெளியிட்டார். ஸ்பானிஷில் பேசியது மொத்தத்தில் 56 விழுக்காடு. ஆசிரியரிடம் பேசும்போது 82. தங்களுக்குள் பேசும்போது 32. இது ஆங்கிலப் பாட நேரம் அல்ல, ஸ்பானிஷ் மட்டும் என்று அறிவிக்கப்பட்ட நேரம்.

இந்த 82-க்கும் 32-க்கும் இடையில்தான் இலக்கணக் கதை இருக்கிறது. ஆசிரியரிடம் குழந்தை சொல்வது பெரும்பாலும் பதில்: ஒரு சொல், அரை வாக்கியம். நீண்ட, சிக்கலான வாக்கியம் பிறப்பது சண்டையிலும் பேரத்திலும் விளையாட்டு ஏற்பாட்டிலும்தான். அது ஆங்கிலத்தில் நடக்கிறது. கனடாவின் பிரெஞ்சு மூழ்கல் வகுப்புகளைப் பார்த்து மெரில் ஸ்வேன் 1985-இல் சொன்னதும் இதுதான்: கேட்டுப் புரிந்துகொள்ள இலக்கணத்தின் நுண்கூறுகள் தேவையில்லை, பேசத்தான் தேவை. ஆகவே ‘எத்தனை விழுக்காடு ஸ்பானிஷ்’ என்று பள்ளியிடம் கேட்பது பாதிக் கேள்வி. குழந்தை ஒரு நாளில் எத்தனை முழு வாக்கியம் ஸ்பானிஷில் சொல்கிறது என்பதே மீதிப் பாதி.

திருத்தும் முறை

ராய் லிஸ்டரும் லெய்லா ரான்டாவும் மான்ட்ரியல் பகுதி பிரெஞ்சு மூழ்கல் வகுப்புகளில் 1997-இல் கண்டது ஸ்பானிஷ் வகுப்புக்கும் பொருந்தும். பிழை வந்ததும் ஆசிரியர் சரியான வடிவத்தைத் தானே சொல்லிக் கடந்துபோவது, எல்லாத் திருத்தங்களிலும் 55 விழுக்காடு. மாணவர் அதற்கு ஏதாவது எதிர்வினை காட்டியது 31 விழுக்காடு மட்டுமே. ஏன் என்பது எளிது. குழந்தை ‘லா காஸா எஸ் ரோஹோ’ என்கிறது. ஆசிரியர் ‘ஆமாம், லா காஸா எஸ் ரோஹா, கூரை என்ன நிறம்?’ என்கிறார். குழந்தை கேட்டது ‘ஆமாம்’ என்பதை மட்டும். அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறது.

மாற்று, பதிலைக் குழந்தையிடமிருந்தே வரவைப்பது. ‘லா காஸா எஸ்…’ என்று நிறுத்திக் காத்திருந்தாலே போதும். 1998-இல் பர்கிட் ஹார்லி இரண்டாம் வகுப்பில் பெயர்ச்சொற்களின் பாலைக் கவனிக்கவைக்கும் விளையாட்டுகளை ஐந்து வாரம் நடத்திப் பார்த்தார். தெரிந்த சொற்களில் முன்னேற்றம் தெரிந்தது. புதிய சொற்களுக்கு அது பரவவில்லை. லிஸ்டர் 2004-இல் 179 ஐந்தாம் வகுப்பு மாணவர்களிடம் ஈறுகளைக் கவனிக்கவைத்து, கூடவே இப்படித் தூண்டியும் திருத்தியபோது, தானே சரியாகச் சொல்லிக் கடக்கும் திருத்தத்தைவிடப் பயன் கூடியது. இரண்டும் பிரெஞ்சு வகுப்புகள். ஸ்பானிஷில் ஈறுகள் இன்னும் தெளிவானவை என்பதால் அங்கே இது எளிதாகவே இருக்க வேண்டும். மரபுமொழிக் குழந்தையிடம் இன்னொரு வசதியும் உண்டு: சரியான வடிவம் வீட்டில் கேட்டதாக உள்ளே கிடக்கிறது. புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை, நிறுத்தி எடுக்கவைத்தால் போதும்.

அளக்கும்போது எங்கே சறுக்கும்

தம் பள்ளிக் குழந்தைகளை அளக்க விரும்பும் ஆசிரியருக்கு, நாங்கள் பரிந்துரைக்கும் பால் இயைபுச் சோதனை 24 பெயர்ச்சொற்கள் கொண்டது: ஆண்பால் 12, பெண்பால் 12, ஒவ்வொன்றிலும் பாதி ஈறு காட்டாதவை. ஒரே பொருளின் இரண்டு படங்களை வேறு நிறத்தில் வைத்து, ‘குவால் கியேரெஸ்?’ (எது வேண்டும்?) என்று கேட்க வேண்டும். ‘குவால்’ பாலைக் காட்டாது. பெண்பாலைக் காட்டும் ‘ஒத்ரா’ (மற்றொன்று), ‘குவாந்தாஸ்’ (எத்தனை) என்று வாய்தவறினால் விடை கொடுத்ததாகிவிடும். பாலுக்கு ஏற்ப மாறும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, வெள்ளை போன்ற நிறங்களே பயன்படும். பச்சையும் (‘வெர்தே’) நீலமும் (‘அஸூல்’) இரு பாலுக்கும் ஒரே வடிவம். அவற்றை வைத்த சோதனை எதையும் அளக்காது. ‘ஆகுவா’ (தண்ணீர்), ‘ஆகிலா’ (கழுகு) போன்றவை பெண்பாலாக இருந்தும் ஆண்பால் ஆர்ட்டிகிள் ஏற்பவை. அவற்றையும் விலக்க வேண்டும். சொல் தெரியாத குழந்தையின் பால் இயைபை அளக்க முடியாது என்பதால், முதலில் 24 பொருளின் பெயரையும் கேட்டுவிட்டுத் தெரியாதவற்றை அந்தக் குழந்தையின் கணக்கிலிருந்து நீக்க வேண்டும்.

‘ஆ’ உருபை அளக்க, ஆ-வில் முடியும் நிகழ்கால வினைகளைத் தவிர்த்து ‘பெஸோ’ (முத்தமிட்டான்) போன்ற இறந்தகாலமோ ‘மீரான்’ (பார்க்கிறார்கள்) போன்ற பன்மையோ வரும்படி படத்தை அமைக்க வேண்டும். செயப்படுபொருள் ஆண்பாலாக இருந்தால் இன்னும் நல்லது: ‘ஆல்’ (ஆ + எல்) என்பதும் ‘எல்’ என்பதும் காதுக்குத் தெளிவாக வேறுபடும். புவெர்த்தோ ரீக்கோப் பேச்சில் சொல்லின் கடைசி ஸ் மெலிந்து மறையும். அந்தக் குடும்பத்துக் குழந்தையிடம் பன்மை இயைபையும் முன்னிலை வினையையும் எண்ணினால் உச்சரிப்பை இலக்கணப் பிழையாகப் பதிவு செய்துவிடுவோம். சப்ஜங்க்டிவில் விருப்பம், நோக்கம், எதிர்காலத்தைக் குறிக்கும் ‘குவாந்தோ’ (‘வந்ததும்’ போன்ற இடம்) ஆகிய மூன்றோடு நிறுத்துவது நல்லது. ஐய வாக்கியங்களில் பெரியவர்களே இருவிதமாகப் பேசுகிறார்கள். குழந்தை ‘சாப்பிட விரும்புகிறது’ என்று வாக்கியத்தையே மாற்றித் தப்பித்தால் அதைப் பிழை என்று எண்ணக்கூடாது, தவிர்ப்பு என்று தனியாக எண்ண வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அந்தத் தவிர்ப்பு கூடினால், பிழை கூடுவதற்கு முன்பே வரும் அறிகுறி அது.

சோதிப்பவர் ஆங்கிலம் பேசுவார் என்று குழந்தைக்குத் தெரிந்தால் பதிவு வீண். சிறு வகுப்பில் 20 நிமிடத்தைத் தாண்டினால் களைப்பையே அளக்கிறோம். பதிவை இருவர் தனித்தனியே எழுதி ஒப்பிட வேண்டும். வீட்டு விவரப் படிவத்தில் ‘வீட்டில் எந்த மொழி’ என்ற ஒற்றைக் கேள்விக்குப் பதிலாக அம்மா, பாட்டி, அண்ணன், அக்கா என்று ஆள்வாரியாகக் கேட்க வேண்டும். பள்ளிக்குப் போகும் மூத்த பிள்ளைதான் வீட்டுக்குள் ஆங்கிலத்தை அழைத்துவருகிறது. ஒரே வீட்டின் முதல் பிள்ளையும் மூன்றாம் பிள்ளையும் வேறு வேறு அளவு ஸ்பானிஷ் கேட்கிறார்கள். சோதனையைக் கோடை விடுமுறைக்கு முன் ஒருமுறையும் பள்ளி திறந்த முதல் இரு வாரத்தில் ஒருமுறையும் வைத்தால், விடுமுறையில் பாட்டியோடு ஊரில் இருந்த குழந்தைக்கும் ஆங்கில முகாமுக்குப் போன குழந்தைக்கும் உள்ள வேறுபாடு எண்ணாகவே வந்துவிடும். பள்ளி காத்தது எவ்வளவு, வீடு காத்தது எவ்வளவு என்று பிரிக்கக் கைவசம் உள்ள மலிவான வழி அது.